கழிவு பாட்டில் உப்பினால், புகைந்தால், நெடியடித்தால்: நுண்புனைவு ஆய்வகத்துக்கான பிழை நீக்கும் வழிமுறை

கேரள எல்லையில், வாளையாருக்குத் தெற்கே, கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து தினமும் பஸ் ஏறிப் போய் ஒரு சிறிய நுண்புனைவு ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். சிலிக்கான் தகட்டில் உணரிகள் செய்யும் இடம். அங்கே பாடம் ஆங்கிலத்தில் நடக்கும், அலுவலகக் கடிதம் மலையாளத்தில் வரும், கழிவைத் தூக்குகிறவர்கள் தமிழில் பேசிக்கொள்வார்கள். ஒரு பாட்டில் மூன்று மொழிகளையும் கடந்து போவதற்குள், அதற்குள் என்ன இருக்கிறது என்ற செய்தி எங்கோ ஓரிடத்தில் அறுந்துவிடுகிறது. நான் பார்த்த விபத்துகளில் பெரும்பாலானவை அந்த அறுந்த இடத்தில்தான் தொடங்கின.

கீழே உள்ளவை அறிகுறிகள். உங்கள் கண்ணில் பட்டதைத் தேடி அங்கிருந்து படியுங்கள். கை வைப்பதற்கு முன் மூன்று கேள்விகளுக்கு விடை வேண்டும்: இதில் இப்போது என்ன இருக்கிறது? இதற்கு முன் இந்தப் பாட்டிலில் என்ன இருந்தது? கடைசியாக யார், எப்போது ஊற்றினார்கள்? இரண்டாவது கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை.

மூடி உப்பியிருக்கிறது, பாட்டில் சுடுகிறது, சீறும் ஒலி வருகிறது

தொடாதீர்கள். மூடியைத் தளர்த்திக் காற்றை வெளியேற்றலாம் என்று தோன்றும். அந்த நொடியில் முகம் பாட்டிலுக்கு மேலே இருக்கும். நச்சுப் புகையை உறிஞ்சி வெளியே தள்ளும் ஃப்யூம் ஹூட்டுக்குள் இருந்தால் முன்கண்ணாடியை முழுவதும் இறக்கிவிட்டு, அறையில் இருப்பவர்களை வெளியே அனுப்பி, பாதுகாப்புப் பொறுப்பாளரை அழையுங்கள். மேசை மேலோ தரையிலோ இருந்தால் கதவைச் சாத்திவிட்டு வெளியேறுங்கள். காரணத்தைப் பிறகு தேடிக்கொள்ளலாம்.

அந்தக் காரணம் பெரும்பாலும் இவற்றில் ஒன்றாக இருக்கும். முதலாவது ஹைட்ரஜன் பெராக்சைடு. கந்தக அமிலத்தையும் பெராக்சைடையும் மூன்றுக்கு ஒன்று என்ற அளவில் கலந்து செய்யும், தகட்டைச் சுத்தம் செய்கிற பிரான்ஹா கரைசல், கலந்தவுடன் தானாகவே 100 டிகிரிக்கு மேல் சூடாகும். வேலை முடிந்து ஆறிய பிறகும் அதிலிருந்து ஆக்சிஜன் வந்துகொண்டே இருக்கும். 1970இல் வெர்னர் கெர்ன் வெளியிட்ட, தகடு கழுவும் ஆர்.சி.ஏ. தூய்மை முறையின் இரண்டு கரைசல்களிலும் பெராக்சைடு உண்டு. அவையும் இந்தக் குடும்பம்தான். இவற்றை இறுக மூடவே கூடாது. பயன்படுத்திய கண்ணாடிப் பாத்திரத்திலேயே ஹூட்டுக்குள், என்ன, எப்போது என்று எழுதி வைத்து, குறைந்தது ஒரு நாள் திறந்தபடி விடுங்கள். பிறகு காற்று வெளியேறும் மூடி போட்ட பாட்டிலுக்கு மாற்றுங்கள். அசிட்டோன் பட்ட எதுவும் இதன் அருகே வரக் கூடாது. அசிட்டோனும் பெராக்சைடும் அமிலமும் சேர்ந்தால் உருவாவது வெடிபொருள்.

இரண்டாவது, நைட்ரிக் அமிலமும் கரைப்பானும். இதை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். முன்பு வேலை பார்த்த ஓர் ஆய்வகத்தில், ஐசோபுரோப்பனால் வந்த இரண்டரை லிட்டர் பழுப்பு பாட்டிலைக் கழுவாமலே அமிலக் கழிவுக்கு எடுத்துக்கொண்டோம். அடியில் ஒரு விரற்கடை அளவுகூட மிச்சமில்லை. வாசனைதான் இருந்தது என்று நினைத்தோம். நைட்ரிக் அமிலம் கலந்த கழிவை ஊற்றி, மூடி, வைத்துவிட்டு அன்று மாலை எல்லோரும் வீட்டுக்குப் போனோம். ஏப்ரல் மாதம், பாலக்காட்டு வெயிலில் இரவிலும் சுவர் சுடும். நள்ளிரவுக்கு முன் இரவுக்காவலர் வெடிச் சத்தம் கேட்டிருக்கிறார். காலையில் ஹூட்டைப் பார்த்தபோது முன்கண்ணாடியின் உட்புறம் முழுவதும் பழுப்புத் திட்டு. பாட்டிலின் துண்டுகள் பக்கத்துத் தெர்மோகோல் பெட்டியில் ஆணி அடித்தது போலக் குத்தி நின்றன. மூடி மட்டும் முழுதாகக் கிடந்தது. அதன் மேல்பக்கம் பூரி போல உப்பியிருந்தது. முந்தைய மாலை நாங்கள் அங்கே நின்று ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்த இடம் அந்தக் கண்ணாடிக்கு இரண்டடி தூரம்.

இந்த எதிர்வினை உடனே காட்டிக்கொள்ளாது. மணிக்கணக்கில் மெல்லச் சூடேறி ஒரே நொடியில் முடியும். அதனால் கரைப்பான் வந்த பாட்டிலை அமிலக் கழிவுக்கு எடுக்காதீர்கள், கழுவியிருந்தாலும் வேண்டாம். அலுமினிய அரிப்புக் கரைசலில் நைட்ரிக் அமிலத்துடன் அசெட்டிக் அமிலமும் சேர்ந்திருக்கிறது. அதற்குத் தனி பாட்டில். தங்கம் கரைக்கும் இராஜதிராவகத்துக்கும் தனி பாட்டில். அது நின்றபடியே குளோரினும் நைட்ரோசில் குளோரைடும் வெளிவிடும். தேவைக்கு மேல் ஒரு துளியும் கலக்காதீர்கள், அன்றைய வேலைக்குக் கலந்ததை மறுநாளுக்கு மூடி வைக்காதீர்கள்.

மற்றவை எளியவை. பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கேன் உப்பினால், உடைந்த சிலிக்கான் துண்டையோ அலுமினியத் தாளையோ யாரோ உள்ளே போட்டிருப்பார்கள். வருவது ஹைட்ரஜன், அருகே தீப்பொறி ஆகாது. தகட்டில் பூசும் ஒளியுணர் பூச்சான ஃபோட்டோரெசிஸ்ட்டின் கழிவு உப்பினால், வெயில் படும் ஜன்னல் ஓரம் வைத்திருப்பீர்கள். அதில் உள்ள ஒளியுணர் சேர்மம் சூட்டில் சிதைந்து நைட்ரஜனை விடுகிறது. சோடா உப்புப் போட்டுச் சமன்செய்த கரைசலை நுரை அடங்குவதற்குள் மூடியிருந்தால் கார்பன் டை ஆக்சைடு. பாட்டில் உப்பாமல் உள்வாங்கி நசுங்கியிருந்தால் அச்சம் குறைவு: சூடாக மூடியது குளிர்சாதன அறையில் சுருங்கியிருக்கிறது. என்றாலும் அந்தப் பாட்டிலில் விரிசல் விட்டிருக்கலாம் என்பதால் தட்டின் மேல் வைத்துவிடுங்கள்.

எந்தப் பாட்டிலையும் கழுத்து வரை நிரப்பாதீர்கள். பத்தில் ஒரு பங்காவது காலியாக இருக்கட்டும்.

கண்ணாடி மங்கியிருக்கிறது, பாட்டிலின் வெளிப்புறம் ஈரமாக இருக்கிறது

ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தையோ பி.ஓ.இ. எனப்படும் அதன் அம்மோனியம் ஃபுளோரைடு கலவையையோ யாரோ கண்ணாடியில் ஊற்றிவிட்டார்கள். தரையில் தேய்த்த கண்ணாடி போல உட்புறம் வெளுத்திருக்கும். அமிலம் கண்ணாடியைத் தின்றுகொண்டிருக்கிறது. ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்துக்கான தடித்த கையுறை, முகக்கவசம், ஏப்ரன் போட்ட, பயிற்சி பெற்ற இருவர் சேர்ந்து, அந்தப் பாட்டிலை அப்படியே பெரிய பாலிஎத்திலீன் வாளிக்குள் இறக்க வேண்டும். தனியாக இதைச் செய்யாதீர்கள். இனி அந்தக் கழிவு பாலிஎத்திலீனிலோ பாலிப்ரோப்பிலீனிலோ மட்டும்.

சிந்தியிருந்தால் சுவரில் தொங்கும் சிவப்பு வாளி மணலைக் கொட்டாதீர்கள். மணல் சிலிக்கா, இந்த அமிலம் அதனோடு சேர்ந்து நச்சு வாயுவாக எழும். கால்சியம் கார்பனேட்டோ நீற்றுச் சுண்ணாம்போ தூவுங்கள். எங்கள் ஹூட்டுக்கு அருகே அதற்கென ஒரு டப்பா இருக்கிறது. அதன் மேல் ‘மணல் அல்ல, சுண்ணாம்பு’ என்று தமிழிலும் மலையாளத்திலும் எழுதியிருக்கிறோம்.

தோலில் பட்டால் வலிக்காகக் காத்திருக்க வேண்டாம். 20 விழுக்காட்டுக்குக் குறைவான கரைசல் பட்டு, வலி வர ஒரு நாள்கூட ஆகும்; அதற்குள் ஃபுளோரைடு தசைக்குள் இறங்கி உடம்பின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், இதயத் துடிப்பே தடுமாறும். உடனே ஓடும் நீரில் ஐந்து நிமிடம் கழுவி, 2.5 விழுக்காடு கால்சியம் குளுக்கோனேட் ஜெல்லைத் தேய்த்தபடியே மருத்துவமனைக்குப் போங்கள். ஜெல் கையில் இல்லையென்றால் கழுவுவதை நிறுத்தாதீர்கள். அந்த ஜெல் குழாயின் காலாவதித் தேதியை இன்றைக்கே பாருங்கள். எல்லைப்புற ஊரில் இரவு பத்து மணிக்கு எந்த மருந்துக் கடையிலும் அது கிடைக்காது. எந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோவது, அங்கே இந்த ஜெல் இருக்கிறதா என்பதையும் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மூக்கைத் துளைக்கும் நெடி

மூச்சை இழுத்து மோந்து பார்ப்பது தவறு. ஆனால் நெடி தானாக வந்து மோதிவிட்டால் அது ஒரு தகவல்.

அம்மோனியா நெடி என்றால், பி.ஓ.இ. கழிவோடு காரம் சேர்ந்திருக்கிறது. இரண்டும் தெளிந்த நீர் போல இருப்பதால் வரும் பிழை இது. பழுப்புப் புகை என்றால் நைட்ரஜன் டை ஆக்சைடு, வெளியேறுங்கள். அதைச் சுவாசித்தவர் அப்போது இருமிவிட்டு நன்றாக இருப்பதாகச் சொல்வார். பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். அவரை வீட்டுக்கு அனுப்பாதீர்கள், மருத்துவரிடம் அனுப்புங்கள்.

நீச்சல் குளத்து நெடி அடித்தால் அது குளோரின். அதற்கான காரணத்தை எட்சிங் (அமில அரிப்பு) மேசையில் தேடாமல் துடைப்பம் வைக்கும் மூலையில் தேடுங்கள். தரையில் சிந்திய ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் மேல் வழக்கம் போலப் பிளீச்சிங் பவுடரைத் தூவியிருப்பார்கள். வீட்டில் தரை கழுவச் சொல்லிக் கொடுத்ததையே அவர்கள் செய்தார்கள். தவறு அவர்களுடையது அல்ல. ஆய்வகத்துக்குள் பிளீச்சிங் பவுடரே வரக் கூடாது என்று சொல்ல வேண்டியவர்கள் நாம். அம்மோனியா கலந்த கரைசலில் அது பட்டாலும் நச்சு வாயுதான்.

ஆடி மாதத்தில் மட்டும் நெடி வருகிறதா? பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வரும் ஆடிக்காற்று, குட்டையான புகைக்குழாயின் வாயில் மோதிப் போகும் புகையைத் திருப்பிவிடுகிறது. ஹூட்டின் வாயில் ஒரு துண்டு டிஷ்யூ காகிதத்தைத் தொங்கவிடுங்கள். காற்று பலமாக அடிக்கும் நேரத்தில் அது உள்நோக்கிச் சாயாமல் தள்ளாடினால் காரணம் தெரிந்துவிட்டது. வாயில் காற்று நொடிக்கு அரை மீட்டராவது உள்ளே போக வேண்டும். குழாயைக் கூரைக்கு மேல் மூன்று மீட்டராவது உயர்த்தச் சொல்லுங்கள். அதுவரை காற்று பலமாக வீசும் பிற்பகலில் கழிவு ஊற்றாதீர்கள். கரைப்பானை ஹூட்டில் திறந்து வைத்து ஆவியாக்குவதை எந்த மாதத்திலும் செய்யாதீர்கள். அது கழிவை அகற்றுவதாகாது, பக்கத்துத் தோப்புக்கு அனுப்புவதாகும்.

வடிகாலில் செம்பழுப்புப் பிசின் அடைத்திருக்கிறது

ஃபோட்டோரெசிஸ்ட்டைக் கரைத்தெடுக்கும் காரக் கரைசலான டெவலப்பரும் அமிலமும் ஒரே தொட்டியில் சந்தித்திருக்கின்றன. ஃபோட்டோரெசிஸ்ட்டின் நோவோலாக் பிசின் காரத்தில் கரையும், அமிலம் பட்டவுடன் திரும்பிப் பிரிந்து வெளிவரும். குழாயைக் குத்தி எடுப்பதற்கு முன் நீரின் பி.எச். பாருங்கள். பிசினை அள்ளிக் கரைப்பான் கழிவோடு சேர்க்காமல் திடக் கழிவாகத் தனி டப்பாவில் போடுங்கள். பிறகு டெவலப்பரைச் சிங்க்கில் ஊற்றும் பழக்கத்தை நிறுத்துங்கள். அதில் இருப்பது 2.38 விழுக்காடு டெட்ராமெத்தில் அம்மோனியம் ஹைட்ராக்சைடு. 25 விழுக்காட்டுச் சரக்கு தோல் வழியே உடம்புக்குள் ஏறி மூச்சையே நிறுத்தியிருக்கிறது. தெறித்தால் பதினைந்து நிமிடம் கழுவி, எரிச்சல் இல்லாவிட்டாலும் மருத்துவமனை.

கழிவுக் கேனில் இரண்டு அடுக்கு தெரிந்தால், பெரும்பாலும் காரக் கரைசலின் மேல் ஐசோபுரோப்பனால் மிதக்கிறது. குலுக்காதீர்கள். இரண்டு பெயரையும் லேபிளில் எழுதி அப்படியே அனுப்புங்கள்.

பி.எச். தாள் ஏழு காட்டுகிறது, ஆகவே ஊற்றலாமா?

கூடாது. இந்தப் பகுதியைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதத் தொடங்கினேன்.

பி.எச். தாளுக்கு அமிலமும் காரமும் மட்டுமே தெரியும். சமன்செய்த பி.ஓ.இ.யில் ஃபுளோரைடு அத்தனையும் அப்படியே கிடக்கும். செப்பு, குரோமியம், சீரியம் எதையும் அந்தத் தாள் காட்டாது. சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின் பொது அளவின்படி, ஆறு, குளம் போன்ற நிலப்பரப்பு நீரில் விடும் கழிவுநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 2 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. சுண்ணாம்பு போட்டு இறக்கலாமே என்பார்கள். நல்ல முறைதான், ஆனால் உருவாகும் கால்சியம் ஃபுளோரைடே லிட்டருக்கு ஏறத்தாழ 16 மில்லிகிராம் கரையும், அதில் பாதிக்கு மேல் கால்சியம் போக ஏறத்தாழ 8 மில்லிகிராம் ஃபுளோரைடு. படிவை எவ்வளவு நன்றாக வடித்தாலும், வெறும் சுண்ணாம்பால் மட்டும் 2க்கு வருவது கடினம். படிவைத் திடக் கழிவாகவும், மேல்நீரைத் திரவக் கழிவாகவும் அனுப்புங்கள். சிங்க் வேண்டாம்.

இதை நான் வலியுறுத்துவதற்கு ஊர்க் காரணம் உண்டு. பாலக்காட்டின் கிழக்குப் பகுதியில், சித்தூர் தாலுகாவில் பல இடங்களின் நிலத்தடி நீரில் இயற்கையாகவே ஃபுளோரைடு அதிகம். குடிநீரில் 1.5 மில்லிகிராம்தான் மேல்வரம்பு. பாறை கொடுப்பதே அதிகமாக இருக்கும் ஊரில் நாமும் சேர்த்து ஊற்றக் கூடாது. பிளாச்சிமடை இங்கிருந்து கூப்பிடு தூரம். அங்கே குளிர்பான ஆலை 2004இல் நின்ற பிறகும் கிணற்று நீரைப் பற்றிய பேச்சு நிற்கவில்லை. பெண் பார்க்க வருகிறவர்கள்கூட முதலில் தண்ணீரைத்தான் விசாரிக்கிறார்கள்.

லேபிள் அழிந்துபோன பாட்டில்

திறந்து பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டாம். பழைய பதிவேட்டைப் புரட்டுங்கள், அந்த மேசையில் வேலை செய்தவர்களுக்குத் தொலைபேசியில் பேசுங்கள். விடை கிடைக்காவிட்டால் ‘உள்ளடக்கம் தெரியவில்லை’ என்றும் கண்டெடுத்த தேதியும் எழுதி, தட்டில் தனியாக வைத்து, கழிவு எடுத்துச் செல்லும் நிறுவனத்திடம் முன்கூட்டியே சொல்லுங்கள். மார்க்கர் மை அசிட்டோனில் கரைந்துவிடும். பென்சிலில் எழுதி மேலே ஒளிபுகும் டேப் ஒட்டினால் நிற்கும். வேதி வாய்பாட்டை மட்டும் எழுதாதீர்கள், முழுப் பெயர் எழுதுங்கள். 2016ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளின்படி லேபிள் மஞ்சளில், ‘அபாயகரக் கழிவு’ என்பது சிவப்பில், இந்தியிலும் ஆங்கிலத்திலும் வட்டார மொழியிலும் இருக்க வேண்டும். எங்கள் வட்டார மொழி மலையாளம். அதற்குக் கீழே தமிழிலும் ஒரு வரி எழுதுகிறோம். பாட்டிலைக் கடைசியாகத் தூக்குகிற கைக்குப் படிக்கத் தெரிந்தது அதுதான்.

அறை நிரம்பிவிட்டது, வண்டி வரவில்லை

அதே விதிகளில் 90 நாள்தான் வைத்திருக்கலாம். ஆண்டுக்கு பத்து டன் வரை உண்டாக்கும் சிறிய இடங்களுக்கு மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் 180 நாள் வரை நீட்டிக்கலாம். கேட்டுப் பெற வேண்டும், தானாக வராது. எவ்வளவு சேர்ந்தது, எவ்வளவு போனது என்பதைப் படிவம் 3இல் அன்றன்றைக்கே எழுதுங்கள். ஆண்டறிக்கை படிவம் 4இல், ஜூன் 30க்குள். வண்டியோடு போக வேண்டிய சீட்டு படிவம் 10. அது இல்லாமல் ஒரு கேன்கூட வாசலைத் தாண்டக் கூடாது.

எல்லையில் இருப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. கேரளத்தின் பொது அபாயகரக் கழிவு நிலையம் கொச்சி அருகே அம்பலமேட்டில். வாளையாரைத் தாண்டினால் கோயம்புத்தூர் அதைவிடப் பக்கம். ‘அங்கே எனக்குத் தெரிந்த ஆள் இருக்கிறார், பாதி விலைக்கு எடுத்துக்கொள்வார்’ என்று யாராவது வருவார்கள். இறுதியாக அழிப்பதற்கு வேறு மாநிலத்துக்கு அனுப்புவதானால் இரண்டு மாநில வாரியங்களின் தடையில்லாச் சான்றும் வேண்டும். அந்த ஆளிடம் அதைக் கேளுங்கள். மறுபடி வர மாட்டார். 2024 டிசம்பரில் கேரளத்து மருத்துவமனைக் கழிவு திருநெல்வேலி அருகே கொட்டப்பட்டு, பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவின் பேரில் திரும்ப அள்ளிக்கொண்டு போனது எல்லோருக்கும் நினைவிருக்கும்.

காலி கேன்கள் காணாமல் போகின்றன

இதை அறிகுறி என்று எந்தக் கையேடும் சொல்வதில்லை. எங்களிடம் ஒரு மாதம் கணக்கில் இரண்டு வெள்ளை கேன்கள் குறைந்தன. தேடியபோது, துப்புரவுப் பணியில் இருக்கும் அக்காவே வந்து சொன்னார்: “நல்ல கெட்டியான கேன், குப்பைக்குப் போகிறதே என்று வீட்டில் தண்ணீர் பிடிக்க எடுத்துப் போனேன் தம்பி. ஒரு வாசமும் இல்லையே.” வாசம் இல்லையென்றாலும் அது ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் வந்த கேன். அன்று மாலையே அவர் வீட்டுக்குப் போனோம். ஒன்று மாட்டுக் கொட்டகையில் காலியாக இருந்தது. மற்றொன்று அடுப்பங்கரையில், கழுத்து வரை நிறைந்து, மேலே ஒரு டம்ளர் கவிழ்த்து. பேத்தி பள்ளியிலிருந்து வந்து குடிப்பதற்காக வைத்தது. அன்று பஸ் தாமதமானதால் அவள் இன்னும் வரவில்லை.

இரசாயனம் வந்த காலிக் கேனும் விதிகளின்படி அபாயகரக் கழிவுதான். மூன்று முறை அலசுங்கள். அலசிய நீர் அதே கழிவு பாட்டிலுக்கே போகட்டும். பிறகு லேபிளைக் கிழித்து, அடியில் மூன்று துளை போடுங்கள். துளை விழுந்த கேனை யாரும் வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார்கள். எங்கள் கழிவு வைக்கும் அறையின் கதவுக்குப் பின்னால் அதற்கென ஒரு கை துளைப்பான் தொங்குகிறது. கேனைக் காலி செய்தவரே துளையும் போட்டு, பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். அக்காவுக்கு மறுநாள் கொழிஞ்சாம்பாறைச் சந்தையில் பத்து லிட்டர் கேன் இரண்டு புதிதாக வாங்கிக் கொடுத்தோம். இப்போது துளை இல்லாத கேன் ஒன்று வாசலுக்கு வந்தால், முதலில் திருப்பி அனுப்புகிறவர் அவர்தான்.